இறைப்பு இயந்திரத்தின் தீப்பொறி நேரம்



வெங்காயம் குமிழ் கட்டும் நாட்களிலும், மிளகாய் பூத்துக் காய்பிடிக்கும் வேளையிலும், சிறுபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்பொழுதும் இறைப்பு இயந்திரம் நின்றுவிட்டால் அதனால் விளைவது யாதென்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெங்காயத்தின் வேர் ஆழம் செல்வதில்லை. மேல்மண் காய்ந்தால் பயிர் உடனே வாடும். நெல் பூக்கும்பொழுது நீர் குறைந்தால் கதிர் பதராகும். இயந்திரத்தைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுசென்று, முறை வரும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து கிணற்றடியில் வைப்பதற்குள் பயிரின் நல்ல பருவம் கடந்துவிடுகின்றது.

எனினும் இயந்திரங்கள் பெரும்பாலும் திடீரென நிற்பதில்லை. முதலில் கயிற்றை மூன்று நான்கு தடவை இழுக்க வேண்டியதாகின்றது. பின்னர் வாய்க்காலில் நீரின் வேகம் குறைகின்றது. அதன்பின் அதே பரப்பை இறைக்க முன்னையிலும் கூடுதலான எண்ணெய் செல்கின்றது. "இயந்திரம் பழசாகிவிட்டது", "எண்ணெய் கலப்படம்" என்று நாம் சொல்லிக்கொள்கின்றோம். இவை உண்மையாக இருக்கவுங்கூடும். ஆயின், வேறொரு காரணம் உண்டு. அதனைப் பலர் நினைப்பதேயில்லை. உருளைக்குள்ளே தீப்பொறி விழும் நேரம் சிறிது சிறிதாகத் தவறிப் போவதே அக்காரணமாகும். மெக்கானிக்குமார் இதனை 'டைமிங்' என்பர். இதனைச் சோதித்து அறிவதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. ஒரு பென்சிலும், ஒரு துண்டு மெல்லிய தாளும், இரண்டொரு ஸ்பனரும், திருப்புளியும், பொறுமையும் போதும். அதனையே இன்று உங்களோடு பேசக் கருதியுள்ளேன்.

குடாநாட்டிலே துலாவும் சூத்திரமும் இருந்த இடத்தை 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெய் எஞ்சின்கள் எடுத்துக்கொண்டன. 1990இன் பின்னர் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாகிய ஆண்டுகளில், பெற்றோலுக்கென அமைந்த எஞ்சின்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் வந்தது. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே தடவையில் 340 ரூபாவாக உயர்ந்தமையும் உங்கள் நினைவில் இருக்கும். எண்ணெய் மலிந்திருந்த காலத்தில் தவறிய பொறியோடு எஞ்சினை ஓட்டியவர்கள் அதிகம் இழக்கவில்லை. இப்பொழுது அவ்வாறில்லை.

தீப்பொறி எப்பொழுது விழ வேண்டும் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். பிஸ்ரன் என வழங்கும் முசலம் உருளைக்குள் மேலெழுந்து, எண்ணெயாவியும் காற்றும் கலந்த கலவையை நெருக்குகின்றது. அது உச்சியை அடைந்ததும் பொறி விழுந்து, கலவை எரிந்து, முசலத்தைக் கீழே தள்ளுகின்றது என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். இது முழுவதுஞ் சரியன்று. கலவை வெடிமருந்து போல ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவிச் செல்கின்றது. அதற்குக் காலம் வேண்டும். நிமிடத்துக்கு 3000 தடவை சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்குச் செல்லும் நேரம் ஒரு செக்கனின் 50இல் ஒரு பங்கு மாத்திரமே. உச்சியில் பொறி விழுமாயின், தீ பரவி அமுக்கம் முழுமை பெறுமுன் முசலம் வெகுதூரம் இறங்கிவிடும். ஆகையால் முசலம் உச்சியை அடைவதற்கு முன்னரே பொறியை இட வேண்டும். சிறிய நீரிறைக்கும் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் இது உச்சிக்கு முன் 20 முதல் 30 பாகை வரை இருக்கும். 25 பாகை என்று கொண்டால், 3000 சுற்று வேகத்தில் அது ஒரு செக்கனின் 720இல் ஒரு பங்காகும். இத்துணைச் சிறிய நேரமே எஞ்சினின் வலுவைத் தீர்மானிக்கின்றது.

வீட்டு முற்றத்திலே பிள்ளையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்பொழுதே தள்ளினால் அது கையை அடிக்கும், ஆட்டமும் கெடும். போய்விட்ட பின் தள்ளினால் விரல் நுனி மாத்திரமே பலகையில் படும். வந்து நின்று திரும்பத் தொடங்கும் அக்கணத்திலே தள்ளுபவருக்குச் சிறிய பலம் போதுமாகின்றது. எஞ்சினிலும் எரிவின் உச்ச அமுக்கம் முசலம் திரும்பி இறங்கத் தொடங்கிய சற்றுப் பின்னரே அமைய வேண்டும்.

பொறி முந்தினால் யாது நிகழும்? மேலெழும் முசலத்தை எரிவு எதிர்த்துத் தள்ளும். கயிற்றை இழுக்கும்பொழுது அது பின்வாங்கிக் கையை வெட்டி இழுக்கும். முழுப் பாரத்தில் ஓடும்பொழுது இரும்பிற் சுத்தியலால் மெல்லத் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். எஞ்சின் அளவு மீறிச் சூடாகும். அப்படியே தொடர்ந்து ஓட்டினால் முசலத்தின் தலை தீய்ந்து துளைபடவுங்கூடும். பொறி பிந்தினாலோ, எஞ்சின் எளிதில் தொடங்காது. தொடங்கினாலும் சோர்ந்து ஓடும். எரிந்து முடியாத வாயு வெளிப்போக்கு வழியே செல்வதால் சைலென்சர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். இடையிடையே அதனுள்ளே 'டப்' என வெடிக்கும். இதிலும் எஞ்சின் சூடாகும் என்பதைக் கவனியுங்கள். சூட்டை மாத்திரம் கொண்டு முந்தியதா பிந்தியதா என்று முடிவு செய்தல் தகாது.

நான் பயிலுநராக இருந்த காலத்தில், பொறியை இன்னுஞ் சிறிது முன்னே தள்ளினால் இன்னுஞ் சிறிது வலுக் கிடைக்கும் என்று எண்ணி, அளவேதும் பாராமல் ஓர் எஞ்சினின் தட்டைத் திருப்பி வைத்தேன். கயிற்றையும் கையிலே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். எஞ்சின் பின்வாங்கிய வேகத்தில் இரண்டு விரல்கள் வீங்கி, ஒரு கிழமைக்குப் பேனை பிடிக்க இயலவில்லை. அன்றிலிருந்து நான் எவருக்கும் முதலிற் சொல்வது இதுவே: கயிற்றைக் கையிற் சுற்றாதீர்கள், பிடியை விரல்களால் மாத்திரம் பற்றுங்கள். கைப்பிடியாற் சுழற்றித் தொடக்கும் பழைய எஞ்சினாயின், பெருவிரலை மற்ற விரல்களின் பக்கத்திலேயே வைத்துப் பிடியுங்கள்; பிடியைச் சுற்றி எதிர்ப்பக்கமாகப் பெருவிரலை வளைத்திருந்தால், பின்வாங்கும் கைப்பிடி அதனை முறித்துவிடும்.

நன்றாக இருந்த நேரம் தானே ஏன் தவறுகின்றது என்று நீங்கள் கேட்கலாம். பழைய வகை எஞ்சின்களில் பாரச்சில்லின் உள்ளே, அதாவது பிளைவீலின் உள்ளே, இரண்டு சிறிய தொடுமுனைகள் உள்ளன. கடைகளில் 'பொயின்ற்' என்று கேட்டு வாங்குவது இவற்றையே. கெம் சுழன்று இவற்றைப் பிரிக்கும் அக்கணத்திலேதான் பிளக்கில் பொறி விழுகின்றது. கெம்மின்மேல் உராய்ந்துகொண்டிருக்கும் குதி, பைபர் போன்ற மென்பொருளால் ஆனது. நாள்தோறும் உராய்வதனால் அது தேய்கின்றது. குதி தேயத் தேயத் தொடுமுனைகளின் இடைவெளி குறைகின்றது. இடைவெளி குறையக் குறைய அவை பிந்தியே பிரிகின்றன. ஆகவே பொறி பிந்துகின்றது. ஒருவரும் கை வைக்காத எஞ்சினில் நேரம் பிந்துவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குதியிலே சிறிதளவு கிரீஸ் இல்லாதுவிடின் இத்தேய்வு விரைவாகும்.

மற்றொரு காரணம் திடீரென நிகழ்வது. பாரச்சில்லைத் தண்டோடு சரியான நிலையில் நிறுத்துவதற்குப் பிறை வடிவமான ஒரு சிறு ஆப்பு உண்டு. அதனைக் 'கீ' என்பர். நட்டு இறுக்கம் குறைந்திருக்கும்பொழுது எஞ்சின் பின்வாங்கினாலோ, பம்பி திடீரென இறுகினாலோ இந்த ஆப்பு பாதி வெட்டுண்டு, சில்லு சற்றே நகர்ந்துவிடும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றுந் தெரியாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறியும் நீலமாக நன்றாக விழும். ஆயினும் எஞ்சின் தொடங்காது.

சின்னவெங்காயம் செய்யும் கமக்காரர் ஒருவரின் கிணற்றடிக்கு நான் ஒருமுறை அழைக்கப்பட்டேன். அவருடைய எஞ்சின் இரண்டு போகங்களாகச் சோர்ந்து வந்தது. யாரோ சொன்னபடி காபரேற்றரின் ஊசியை மேலுந் திறந்து கூடுதலான எண்ணெய் விட்டார். புகை கூடியதேயன்றி வலுக் கூடவில்லை. பின்னர் புதிய வளையங்கள் வாங்கிப் போட்டார். அதன்பின் பம்பியின் உறிஞ்சு குழாயை மாற்றினார். மூடியைக் கழற்றித் தொடுமுனைகளைப் பார்த்தபொழுது அவற்றின் இடைவெளியில் ஒரு சவரப் பிளேட்டு நுழையவே இடமில்லை. குதி அவ்வளவு தேய்ந்திருந்தது. புதிய பொயின்ற் போட்டு அளவை வைத்து முடிக்க ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை. பழைய வேகத்தில் நீர் வாய்க்காலில் ஓடியதைக் கண்டு அவர் மகிழ்ந்தாரெனினும், அம்முறை குமிழ் சிறுத்தே போயிற்று. வளையத்துக்குச் செலவிட்ட பணமும் மீளவில்லை.

எனவே நேரத்தைச் சோதிக்கும் முறையைச் சொல்கின்றேன். அதற்கு முன்னர் எளிய காரணங்களை நீக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தடையின்றி வருகின்றதா, காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா, பிளக்கின் இடைவெளி 0.6 அல்லது 0.7 மில்லிமீற்றர் அளவில் உள்ளதா, உருளையில் நெருக்கம் நன்றாக உள்ளதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தபின்னரே நேரத்தில் கை வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். எண்ணெய்க் குழாயை அடைத்து, பிளக்கின் வயரை நீக்கி, பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். சில்லைக் கையாற் சுழற்றுவது இலகுவாகும். தவறுதலாக எஞ்சின் தொடங்கும் அபாயமுமிராது.

முதலிற் செய்ய வேண்டியது முசலத்தின் உச்சநிலையைக் காண்பது. யப்பானிய எஞ்சின்கள் பலவற்றில் பாரச்சில்லின் விளிம்பில் இரண்டு கோடுகளும் அருகே ஆங்கில எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கும். 'ரி' என்னும் எழுத்து உச்சநிலையையும், 'எவ்' என்னும் எழுத்து பொறி விழவேண்டிய நிலையையும் குறிக்கும். இக்குறிகள் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. குறிகள் இல்லாவிடின், அல்லது தேய்ந்து மறைந்திருந்தால், நாமே குறியிட வேண்டும்.

பிளக் துளையினூடாக ஒரு பென்சிலை முசலத்தின் தலையில் நிற்குமாறு மெல்ல விடுங்கள். அதனைக் கையால் அழுத்தாதீர்கள். துளை சரிந்திருந்தால் பென்சில் இறுகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வால்வுகள் உருளையின் பக்கத்தே அமைந்த பழைய எஞ்சின்கள் சிலவற்றில் பிளக் துளை முசலத்துக்கு நேர்மேலே இராது; பென்சில் வால்வின்மேல் நின்று உங்களை ஏமாற்றும். அவ்வகையாயின் உருளையின் தலையைக் கழற்றியே பார்த்தல் வேண்டும். தலையைக் கழற்றினால் மீளப் பூட்டும்பொழுது அதன் கஸ்கற் சேதமுற்றிருக்கின்றதா என்றும் கவனியுங்கள்.

சில்லை எஞ்சின் ஓடும் திசையிலேயே, அதாவது கயிறு இழுக்கும் திசையிலேயே மெல்லச் சுழற்றுங்கள். பென்சில் மேலெழுந்து, நின்று, பின் இறங்கும். உச்சியருகே முசலம் அசையாதது போலச் சிறிது நிற்பதால், கண்ணால் மாத்திரம் பார்த்து உச்சியைக் குறித்தால் ஐந்தாறு பாகை பிழைக்கும். ஆகையால் இவ்வாறு செய்யுங்கள். பென்சில் மிக உயர்ந்து நிற்கும்பொழுது துளையின் விளிம்புக்கு நேரே அதில் ஒரு கோடு இடுங்கள். அதற்கு மேலே 5 மில்லிமீற்றர் தள்ளி இன்னொரு கோடு இடுங்கள். சில்லை ஒரு பக்கந் திருப்பி, மேற்கோடு துளையின் விளிம்புக்கு இறங்கும்பொழுது, எஞ்சினின் உடம்பில் அசையாத ஓரிடத்துக்கு நேரே சில்லில் வெண்கட்டியாற் குறியிடுங்கள். பின்னர் மறுபக்கந் திருப்பி, அதே கோடு மீண்டும் விளிம்புக்கு இறங்கும்பொழுது இரண்டாவது குறியிடுங்கள். அவ்விரு குறிகளுக்கும் நேர்நடுவே உள்ள இடமே உண்மையான உச்சநிலையாகும். நூலொன்றை இரு குறிகளுக்கும் இடையே விளிம்பில் ஒட்டப் பிடித்து, பின் இரண்டாக மடித்தால் நடு தெரிந்துவிடும். அசையாத இடத்திலும் ஒரு கோடு இடுங்கள். இனி அதுவே நமது சுட்டி.

இனிப் பொறியின் குறி. உங்கள் எஞ்சினுக்குரிய பாகையை அதன் கைந்நூலிற் பாருங்கள். கைந்நூல் இல்லையேல் அதே வகை எஞ்சினை விற்பவரிடம் கேட்டறியுங்கள். பாகையைத் தூரமாக மாற்றுவதற்கு எளிய கணக்கொன்று உண்டு. சில்லின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து 115ஆல் வகுத்தால் ஒரு பாகைக்குரிய விளிம்புத் தூரம் வரும். விட்டம் 230 மில்லிமீற்றராயின் ஒரு பாகைக்கு 2 மில்லிமீற்றர். 25 பாகைக்கு 50 மில்லிமீற்றர். இத்தூரத்தை உச்சக் குறியிலிருந்து எப்பக்கமாக அளப்பது என்பதிலேதான் பலர் தவறுகின்றனர். சில்லு சுழலும்பொழுது பொறியின் குறி முதலிலும் உச்சக் குறி பின்னரும் சுட்டியைக் கடந்து செல்ல வேண்டும். ஆகவே சுழலும் திசையிலே முன்னோக்கி அளக்க வேண்டும். பின்னோக்கி அளந்தால், உச்சிக்கு 25 பாகை பிந்தி பொறி விழும். எஞ்சின் தொடங்கவே மாட்டாது.

அடுத்து தொடுமுனைகளைப் பார்ப்போம். சில எஞ்சின்களில் சில்லிலுள்ள துவாரத்தினூடாகவே அவற்றை எட்டலாம். சிலவற்றில் சில்லைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு இழுவைக் கருவியை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். தண்டின் நுனியிற் சுத்தியலால் அடிப்பது கூடாது. மரை கெடும், தண்டு வளையும், சில்லின் காந்தமும் வலுக்குன்றும். சில்லு கழன்றதும் பிறையாப்பைப் பாருங்கள். அதில் படி விழுந்திருந்தால், எவ்வளவு சிறிய படியாயினும், மாற்றிவிடுங்கள். ஆப்புக்குப் பதிலாக ஆணியை வெட்டி வைப்பவர்களைக் கண்டிருக்கின்றேன். அடுத்த தடவை எஞ்சின் இறுகும்பொழுது ஆணி வெட்டுப்படாமல் தண்டின் பள்ளத்தையே பிளந்துவிடும்.

தொடுமுனைகள் கருகியிருந்தால் நுண்ணிய அரத்தாற் சமப்படுத்தி, பெற்றோல் தோய்த்த சுத்தமான துணியால் துடைத்து, உலரவிடுங்கள். எண்ணெய்ப் பசை சிறிதிருந்தாலும் பொறி கெடும். ஆழக் குழி விழுந்தவற்றை அராவிப் பயனில்லை, புதியன போடுங்கள். துடைத்த சில நாட்களிலேயே அவை மீண்டும் கருகுமாயின் கொண்டென்சர் பழுதென அறிக. கெம் அவற்றை மிக அகலமாகப் பிரிக்கும் நிலையிலே சில்லை நிறுத்தி இடைவெளியை அளவுங்கள். பெரும்பாலான எஞ்சின்களுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை, சிலவற்றுக்கு 0.5 மில்லிமீற்றர். இதற்குரிய பீலர் கேஜ் ஒன்றை வாங்கி வைத்திருத்தல் நன்று. கைவசம் இல்லாத வேளையில், இருபக்கமும் கூருள்ள சவரப் பிளேட்டு 0.1 மில்லிமீற்றர் தடிப்புடையது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். மூன்று பிளேட்டுகள் இலகுவாக நுழைய, நான்கு பிளேட்டுகள் சற்று இறுக்கமாக நுழையுமாயின் அளவு சரி. பிளேட்டின் எண்ணெயைத் துடைத்துவிட்டு நுழையுங்கள், விரலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியைச் சரிசெய்த பின்னரே நேரத்தைப் பார்க்க வேண்டும். இடைவெளியை மாற்றினால் நேரமும் மாறும் என்பதனால் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். சில்லைக் கழற்றியிருந்தால் ஆப்போடு அதன் இடத்தில் வைத்து நட்டைக் கையால் இறுக்கிக்கொள்ளுங்கள். துவாரத்தினூடாக இனி வரும் சோதனையைச் செய்யலாம். பட்டம் ஒட்டும் மெல்லிய தாளில் விரலகலத் துண்டொன்றை, மூடியிருக்கும் தொடுமுனைகளுக்கு இடையே வையுங்கள். அது இறுகப் பிடிபட்டிருக்கும். தாளை மெல்ல இழுத்துப் பிடித்தவாறே சில்லை ஓடும் திசையில் மிக மெதுவாகச் சுழற்றுங்கள். தாள் நழுவும் அக்கணத்தில் நிறுத்துங்கள். தொடுமுனைகள் பிரிவதும் பொறி விழுவதும் அந்நிலையிலேதான். பொறியின் குறி சுட்டிக்கு நேரே நிற்கின்றதா என்று பாருங்கள். குறி இன்னும் சுட்டியை அடையாதிருந்தால் பொறி முந்துகின்றது. கடந்து சென்றிருந்தால் பிந்துகின்றது. மூன்று தடவை செய்து பார்த்து, மூன்றும் ஒத்திருந்தாலே நம்புங்கள்.

தாளை நம்பாதவர்கள் ரோச் பல்பு ஒன்றையும் இரண்டு பற்றறிகளையும் கொண்டு பார்க்கலாம். கொயிலிலிருந்து தொடுமுனைக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு, பல்பினூடாகத் தொடுமுனைக்கும் எஞ்சினின் உடம்புக்கும் பற்றறியை இணையுங்கள். தொடுமுனைகள் மூடியிருக்கும்பொழுது பல்பு எரியும். பிரியுங் கணத்தில் அணையும். வயரைக் கழற்ற மறந்தால் கொயிலினூடாக மின் சென்று பல்பு அணையாமலே நின்று உங்களைக் குழப்பும்.

நேரம் தவறியிருந்தால், தொடுமுனைகள் பொருத்தப்பட்ட தட்டின் திருகாணிகளைத் தளர்த்தித் தட்டைச் சிறிது திருப்புங்கள். சில்லு சுழலும் திசையிலே திருப்பினால் பொறி பிந்தும். எதிர்த்திசையிலே திருப்பினால் முந்தும். சில எஞ்சின்களில் தட்டு அசையாதபடி அமைந்திருக்கும். அவற்றில் இடைவெளியைச் சொல்லப்பட்ட எல்லைக்குள்ளேயே சிறிது கூட்டினால் பொறி முந்தும், குறைத்தால் பிந்தும். எல்லையைக் கடந்தும் நேரம் வராவிடின் குதி தேய்ந்துவிட்டது என்றோ, ஆப்பு நகர்ந்துவிட்டது என்றோ கொள்ளுங்கள். முடிந்ததும் எல்லாத் திருகாணிகளையும் இறுக்கி, இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை தாளால் சோதியுங்கள்; இறுக்கும்பொழுது தட்டு நகர்வது வழமை. சில்லின் நட்டை இப்பொழுது முழு வலிமையோடு இறுக்குங்கள்.

எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்பொழுது வெளியான இடத்தில் வைத்தே பாருங்கள். நீர் தாழ்ந்த காலத்தில் எஞ்சினைக் கிணற்றினுள்ளே இறக்கி வைத்து ஓட்டுவோர் இன்னும் உளர். எஞ்சினின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. கிணற்றினுள் அது தேங்கி, இறங்கியவரை மயக்கிக் கொன்றுவிடும். மேலும், பம்பியில் நீரில்லாமல் நெடுநேரம் ஓட்டினால் அதன் சீல் எரிந்துபோகும்.

பெற்றோலில் தொடங்கி எஞ்சின் நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, முழுப் பாரத்தில் நீர் இறைக்கவிட்டுக் காதால் கேளுங்கள். இரும்பிற் தட்டும் ஓசை கேட்டால் உடனே விசையைக் குறைத்து நிறுத்தி, பொறியை ஓரிரு பாகை பிந்தச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல நெருக்கத்தைத் தாங்கமாட்டாது. விரைவில் தட்டத் தொடங்கும். அதற்காகவே மண்ணெண்ணெய்க்கென அமைந்த எஞ்சின்கள் கலவையை ஏறத்தாழ ஐந்து மடங்காக மாத்திரம் நெருக்குகின்றன. இக்காலப் பெற்றோல் எஞ்சின்கள் எட்டு மடங்குக்கு மேலும் நெருக்குகின்றன. பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் பெற்றோலுக்குரிய நேரத்தையே வைத்திருந்தால் முசலத்தைத் தாமே அழிப்பவராவர். நிறுத்துமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிட்டு, காபரேற்றரிலுள்ள மண்ணெண்ணெய் முழுவதும் தீர்ந்தபின் நிறுத்துங்கள். எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்வதால், ஒயிலையும் பெற்றோல் எஞ்சினுக்கு மாற்றுவதிலும் விரைவாக மாற்ற வேண்டும்.

இவ்வளவும் தொடுமுனை உள்ள எஞ்சின்களுக்கு. இப்பொழுது விற்பனையாகும் புதிய பெற்றோல் எஞ்சின்களில் பெரும்பாலும் தொடுமுனை இல்லை. இலத்திரனியற் கொயில் ஒன்றே பொறியை இடுகின்றது. அவற்றின் நேரத்தை நாம் மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டியதில்லை. பிறையாப்பு வெட்டுண்டுள்ளதா என்று பார்த்தலும், கொயிலுக்கும் சில்லுக்கும் இடையே பெரும்பாலும் 0.4 மில்லிமீற்றர் அளவான வெளி உள்ளதா என்று பார்த்தலும் போதும். இவ்வெளியை அளக்கப் பிளேட்டைப் பயன்படுத்தாதீர்கள். காந்தம் அதனைப் பற்றிக்கொள்ளும். அட்டைத் துண்டு நன்று. இருசில்லு உழவு இயந்திரங்களின் டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. அங்கே எண்ணெய் பீச்சும் நேரம் ஒன்று உண்டு. அதனைத் திருத்துபவரிடமே விடுங்கள். கரையோரத்தில் கமத்தோடு கடற்றொழிலும் செய்வோரின் படகு எஞ்சின்களில் தொடுமுனை உள்ளனவாயின், இங்கு சொன்ன தாள் முறை அவற்றுக்கும் பொருந்தும். உப்புக் காற்றினால் அவை விரைவிற் களிம்பேறுவதால் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதே வேறுபாடு.

இவ்வேலையை நடுகைக்கு முன்னரே, இறைப்புத் தொடங்காத நாட்களில் செய்துகொள்ளுங்கள். நீங்கள் கண்ட உச்சக் குறியையும் பொறியின் குறியையும் வெண்கட்டியோடு விட்டுவிடாமல், சிறிய உளியாற் கீறி வெள்ளை மையும் பூசிவையுங்கள். அடுத்த முறை பென்சில் வேண்டியிராது. பொயின்ற் வாங்கக் கடைக்குச் செல்லும்பொழுது எஞ்சினின் தகட்டிலுள்ள வகை இலக்கத்தை எழுதிக்கொண்டு, பழைய பொயின்ற்றையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் குதியின் உயரம் வகைக்கு வகை வேறுபடும். வாங்குமுன் இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.